பேருந்து உள்ள கட்டங்கள்

டெட்ராய்ட்டின் கிழக்கு ஓரம்,
டிக்ஸ்பரி தெருவில் பதினோரு வீடுகள்.
நான்கில் ஆள் இருக்கிறது.
ஐந்தாவதில் பூனைகள்.
மிச்சத்தைப் பனி எடுத்துக்கொண்டது.

போதுமான ஆட்கள் இல்லையே அம்மா உங்கள் தெருவில்,
என்றான் கேபிள் கம்பெனிக்காரன்.
"எத்தனை பேர் சேர்ந்தால்
ஒரு ஆள் கணக்கு?"
ஒர்னெட்டா புரூயிட் கேட்டதற்கு
அவன் போனை வைக்கவில்லை.
பியானோ இசையைப் போட்டுவிட்டு
எங்கோ போய்விட்டான்.

அப்படித்தான் நான் ஏணியோடு வந்தேன்.
தேவாலயக் கூரையில் ஒன்று,
நூலகக் கூரையில் ஒன்று,
சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஆன்டெனாக்கள்.
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்,
விஞ்ஞானம் அவ்வளவுதான்.
நடுவில் ஒரு சுவர் எழுந்தால் போச்சு.
இங்கே இருபது வருஷமாக
இடித்துக்கொண்டே இருக்கிறார்கள்.
பார்வைக்குத் தடையே இல்லை.
இதை நல்ல சேதி மாதிரிச் சொல்ல
எனக்கு வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை வகுப்பு
தேவாலயத்தின் நிலவறையில்.
ஏதோ வங்கி கழித்துக்கட்டிய எட்டு மடிக்கணினிகள்.
மூடியில் வங்கியின் பெயர் இன்னும் உரியவில்லை.
"என் வீட்டை எடுத்துக்கொண்டது இவர்கள்தான்"
என்ற வெர்னல்,
அன்று கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை;
இரண்டு மணி நேரமும்
அந்தப் பெயரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

சொல்லித்தரும் ரெஹ்னுமா
இரண்டு பேருந்து மாறி வருகிறவள்.
அடுத்தவர் மவுஸை அவள் தொடவே மாட்டாள்.
கை பரபரக்கும்போதெல்லாம்
அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுப் பூட்டிவிடுவாள்.

ஒர்னெட்டாவுக்குத் தண்ணீர் பில்.
சலுகை மனு இணையத்தில் மட்டும்.
இன்று நள்ளிரவோடு கடைசி.
பெயர் போட்டார். பிறந்த தேதி போட்டார்.
பிறகு, நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க
பேருந்து உள்ள கட்டங்களை எல்லாம் தொடச் சொன்னது.

இருபத்தேழு வருஷம் பேருந்து ஓட்டியவர்.
"இது பேருந்து இல்லை, சுற்றுலா வண்டி."
"இந்தக் கட்டத்தில் கண்ணாடி நுனி மட்டும் தெரிகிறது.
கண்ணாடி பேருந்தில் சேர்த்தி இல்லையா?
அது இல்லாமல் ஓட்டிப் பாரேன்."
தவறு, மறுபடி முயலவும்.
மறுபடி தவறு.
மூன்றாம் முறை
வெறும் நடைபாதை இருந்த கட்டத்தைத் தொட்டார்.
அங்கே எங்கே பேருந்து, என்றாள் ரெஹ்னுமா.
"குடையோடு ஒருத்தி நிற்கிறாள், பார்.
அவள் நின்றால்
வண்டி வருகிறது என்று அர்த்தம்."

ரெஹ்னுமா கொஞ்ச நேரம் பேசவில்லை.
பிறகு மெதுவாக,
"அது இதற்குத் தெரியாது" என்றாள்.

நான்காம் முறை ஒர்னெட்டா
தெரிந்ததையெல்லாம் ஒரு ஓரமாக நிறுத்திவிட்டு
பெட்டிக்குத் தெரிந்த அளவே தெரிந்தவராக
மூன்று கட்டங்களைத் தொட்டார்.
பச்சைக் குறி விழுந்தது.
"ஓ, இப்போது நான் மனிதரா?"

இணைப்பு போனது அந்த நேரத்தில்தான்.

கூரைக்கு ஓடினேன்.
ஆன்டெனாவின் முகம் முழுக்க உறைபனி.
கீழே இருந்து கூரை வரைக்கும் ஓடும்
ஒரு இரும்புக் குழாய்தான் எங்களுக்குத் தந்தி:
ஒரு தட்டு, இல்லை.
இரண்டு தட்டு, வந்துவிட்டது.
பேருந்து அட்டையால்தான் சுரண்டினேன்,
வேறெதுவும் பையில் இல்லை.
டங்.
கொஞ்சம் இடதுபக்கம் திருப்பினேன்.
டங்.
தெருமுனையில் கடைசிப் பேருந்து
உள்விளக்கு எரிய, ஆளே இல்லாமல்,
ஆனாலும் நிறுத்தத்தில் நின்று,
கதவைத் திறந்து,
மூடிக்கொண்டு போனது.

பிறகு குழாய் அதிர்ந்தது.
இரண்டு. மூன்று. ஐந்து. ஒன்பது.
அப்படி ஒரு கணக்கு நாங்கள் பேசி வைக்கவில்லை.
மனு போய்ச் சேர்ந்ததா,
காப்பி ஆறுகிறது இறங்கி வா என்கிறார்களா,
வெர்னல்தான் ஒருவழியாக
அந்தப் பெயரை உரித்து முடித்துவிட்டானா,
தெரியவில்லை.
ஏணியில் காலை வைத்தேன்.